மாலத்தீவில் ஸ்கூபா சஃபாரிப் படகைத் தேர்ந்தெடுக்கும் முறை

மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி, நாளுக்கு மூன்று முறை கடலுக்குள் இறங்கும் பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள், அறைகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன், படகு எந்த மாதத்தில் எந்தப் பவளத்தீவுகள் வழியாகச் செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். தெளிந்த நீர் கிழக்குப் பக்க வாய்க்கால்கள் (பவளத்தீவு வளையத்தின் விளிம்பில் கடல்நீர் புகுந்து வெளியேறும் இடைவெளிகள்) வழியாக உள்ளே வருவதால், சுறாக்களைப் பார்க்க அதுவே நல்ல காலம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மிதவை உயிரிகளைக் கிழக்கு ஓரங்களுக்குத் தள்ளுவதால், மான்டா திருக்கைகள் அங்கே இரை தேடிக் கூடுகின்றன. பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடா இதற்குப் பெயர் பெற்ற இடம். ஆனால் அங்கே ஸ்கூபாவுக்குத் தடை இருக்கிறது. மூச்சுக்குழாயுடன் மேற்பரப்பில் நீந்த மட்டுமே அனுமதி உண்டு. திமிங்கலச் சுறாவைக் காண விரும்புபவர்கள் தெற்கு அரி வழியாகச் செல்லும் பயணத்தையும், புலிச்சுறாவைக் காண விரும்புபவர்கள் தென்கோடியிலுள்ள ஃபுவமுலாவைத் தொடும் பயணத்தையும் தேட வேண்டும்.

அடுத்து, உங்கள் அனுபவத்தை நேர்மையாக எடைபோட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால்களில் நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்பதால், மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுக் குதித்து, நேரே கீழே இறங்க வேண்டிய இடங்கள் உண்டு; சற்றுத் தயங்கினாலும் குழுவை விட்டு விலகிவிட நேரும். பல படகுகள் அட்வான்ஸ்டு (அடிப்படைப் பயிற்சிக்கு அடுத்த நிலை) சான்றிதழும் 50 டைவ் (கடலுக்குள் இறங்கிய) அனுபவமும் கேட்பதற்குக் காரணம் இதுதான். புதியவர்களையும் நிபந்தனையின்றி ஏற்றிக்கொண்டு வாய்க்கால்களுக்கு அழைத்துச் செல்லும் படகைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பொழுதுபோக்கு டைவ்களுக்கு மாலத்தீவுச் சட்டம் 30 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது; அதைத் தாண்டி அழைத்துச் செல்வதாகப் பெருமை பேசுபவர்களை நம்ப வேண்டாம்.

இங்குள்ள சஃபாரிப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குத் துணையாகத் தனித் தோணி ஒன்று வரும். சிலிண்டர்கள், அவற்றில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர், ஈரமான உடைகள் எல்லாம் அதிலேயே இருப்பதால், தங்கும் படகில் இரைச்சலும் ஈரமும் குறைவு. தோணியில் உங்கள் குழு நெருக்கமின்றி உட்கார இடம் உண்டா, ஏணி உறுதியானதா, கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் குழாய் இயந்திரப் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்பவற்றைக் கேட்டறியுங்கள். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் அளவு கூட்டப்பட்ட சுவாசக் காற்று) கட்டணத்தில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். தொடர்ந்து பல நாள் இறங்குபவர்களுக்கு அது பயன் தரும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டியது தீப்பாதுகாப்பு பற்றிய கேள்விகளில்தான். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடற்கரைக்கு அருகே கன்செப்ஷன் என்ற டைவிங் படகு அதிகாலையில் தீப்பற்றியதில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தனர். இரவில் சுற்றி வந்து கண்காணிக்க ஒருவரும் இல்லை; கீழ்த்தளத்திலிருந்து வெளியேறும் இரு வழிகளும் தீ எரிந்துகொண்டிருந்த அதே மேல் அறைக்குள்தான் திறந்தன. ஆகவே, இரவு முழுவதும் விழித்திருப்பவர் யார், கீழ்த்தள அறைகளிலிருந்து வெவ்வேறு இடங்களுக்குச் செல்லும் இரண்டு வழிகள் உள்ளனவா, கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு படகைப் பாருங்கள். படகில் ஏறிய அன்றே அவசர வழியின் மூடியை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். அதன் மேல் பெட்டியோ மெத்தையோ கிடந்தால் உடனே அகற்றச் சொல்லுங்கள். அவசர முதலுதவிக்கான ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரத்துக்குப் போதும் என்பதும், அழுத்தச் சிகிச்சை அறை (டைவிங்கால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை) உள்ள தீவுக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தென்கோடிப் பயணங்களில் இந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் கூடும். டைவிங் காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது பசுமை வரி (சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கப்படும் சுற்றுச்சூழல் வரி), எரிபொருள் கூடுதல் கட்டணம், உபகரண வாடகை, ஊழியர்களுக்கான அன்பளிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தொடர்ச்சியாகப் பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசி டைவ் முந்தைய நாள் காலையிலேயே முடிகிறதா என்று பயண நிரலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப விமானச் சீட்டை எடுங்கள்.