விடை சரி, வழி தவறு: புதிய கணித ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் பிரத்தியேக வகுப்பில் புதிதாகச் சேர்ந்துள்ள இளம் ஆசிரியர்கள் தாள் திருத்துவதைக் காணும்போது, என்னுடைய பழைய பிழைகளே எதிரில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. புள்ளிகளைக் கூட்டும்போது நேரும் பிழைகளை அவர்களே கண்டுகொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி வரியை மட்டும் பார்த்துச் சரி போடுதல்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் செய்தவன் நான். படிவம் 1 மாணவன் ஒருவன் 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கும்போது, தொகுதியிலும் பகுதியிலும் இருந்த 6-ஐ அடித்துவிட்டு 1/4 என்று எழுதியிருந்தான். விடை சரிதான், அவசரத்தில் நானும் சரி போட்டேன். சில வாரங்கள் கழித்து 13/39 வந்தது. அதேபோல் 3-ஐ அடித்து 1/9 என்றான். சரியான விடை 1/3. "அன்னைக்கும் இப்படித்தானே செஞ்சேன் சார், சரி போட்டீங்களே?" என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 16/64-இல் 6 பொதுக்காரணி அன்று, வெறும் இலக்கம். இரண்டு எண்களும் 16-ஆல் வகுபடுவதால்தான் 1/4 கிடைக்கிறது. தொகுதியின் கடைசி இலக்கத்தையும் பகுதியின் முதல் இலக்கத்தையும் இப்படி அடித்தும் விடை சரியாக அமையும் ஈரிலக்கப் பின்னங்கள், ஒன்றுக்குக் குறைந்தவற்றில், 16/64, 19/95, 26/65, 49/98 ஆகிய நான்கு மட்டுமே. அந்த நான்கில் ஒன்றை நானே வினாவாகக் கொடுத்திருந்தேன்! இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தெரியாத ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி 6-ஆல் வகுக்கும் கோவையிலும் அவன் 6-ஐ அடித்தபோதுதான், அந்த ஒரு சரிக்குறியின் விலை எனக்கு விளங்கிற்று.

பிழையான வழியை முழுவதும் குப்பையில் போடுதல்

எந்த நில வரைபடத்திலும் எல்லையைப் பகிரும் பகுதிகள் ஒரே நிறமாகாமல் வண்ணம் தீட்ட நான்கு வண்ணங்கள் போதும் என்பதை நிறுவிவிட்டதாக 1879-இல் கணிதவியலாளர் கெம்ப்பே அறிவித்தார். அந்த நிறுவலில் இருந்த ஓட்டையை 1890-இல் ஹீவுட் என்ற கணிதவியலாளர் காட்டினார். ஆயினும் அதே முறையைக் கொண்டே ஐந்து வண்ணங்கள் போதும் என்பதைப் பிழையின்றி நிறுவினார். கெம்ப்பேயின் முடிவு சரியே என்பது 1976-இல், அப்பெல், ஹாக்கென் இருவரும் கணினியின் துணையோடு நிறுவிய பிறகே உறுதியாயிற்று. மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கணிதத்தில் செய்முறைக்கும் புள்ளி உண்டு என்பதால், மாணவன் எந்த வரி வரை சரியாக வந்தான் என்பதைக் குறித்துக் கொடுங்கள்.

வேறு வழியில் செய்தவனைத் திட்டுதல்

முதலில் படியுங்கள்.

விடைப்பட்டியலை நம்புதல்

அதிலும் அச்சுப்பிழை வரும். ஒருமுறை, ஒரு மாணவியின் செய்முறையை வரிவரியாகப் படித்த பிறகுதான் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன்.