அறிவியல் டீச்சர் கல்வி ஆராய்ச்சிக்குப் போக என்ன செய்யலாம்?

நாங்குநேரிப் பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கூடவே கல்வியியலில் பகுதி நேர பிஎச்.டி. "எங்கிருந்து ஆரம்பிக்கணும், அக்கா?" என்று கேட்கும் இளம் ஆசிரியர்களிடம், முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் என்பேன். பட்டம் அப்புறம்.

பிள்ளைகள் சொல்லும் பதிலை அவர்கள் வாயில் வந்தபடியே அதில் எழுதுங்கள். வெப்பப் பாடம் தொடங்குமுன், பெஞ்சின் இரும்புக் காலையும் மரப்பலகையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இரும்புக்குத்தான் டீச்சர் குளிர்ச்சி ஜாஸ்தி" என்பார்கள். தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே அளவு. இரும்பு கையின் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுகிறது, அவ்வளவுதான். இதைக் காலை முதல் பீரியடில் செய்யுங்கள். சித்திரை மதியத்தில் அறையே நம் தோலைவிடச் சூடாகிவிடும். அப்போது அதே இரும்பு சுடும். காரணம் ஒன்றுதான், ஆனால் பிள்ளைகள் அதற்கு வேறொரு விளக்கம் சொல்வார்கள். அளந்து பார்த்த பிறகும் "தெர்மாமீட்டர் சரியில்ல" என்கிற பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், உங்கள் ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். 'மாணவரின் அறிவியல் திறன்' என்பதெல்லாம் யாராலும் முடிக்க முடியாத தலைப்பு. முதலில் ஊகம் சொல்லிவிட்டு அளந்த பிள்ளைகளும், நேரே அளந்த பிள்ளைகளும் ஒரு மாதம் கழித்து எப்படி விளக்குகிறார்கள்? இது போதும். இதையே செயல் ஆராய்ச்சியாக, அதாவது ஆசிரியரே தன் வகுப்பில் செய்து பார்க்கும் ஆராய்ச்சியாகச் செய்ய, முனைஞ்சிப்பட்டி டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) போய்ப் பேசிப் பாருங்கள். வாசிக்க, மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துக் கட்டுரைகளைத் தேடுங்கள். 1974 முதல் இதே வேலையைச் செய்கிறவர்கள். அறிவியல் கல்வியில் பிஎச்.டி.யும் தருகிறார்கள்.

சரி, பட்டம். கல்வியியல் முதுகலையான எம்.எட். இரண்டு வருடம். பிஎச்.டி.க்கு முதுகலையில் பொதுவாக 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்யலாம், ஆனால் வேலை தரும் இடத்திலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) அவசியம். நம் பக்கத்தவர்களுக்கு அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. பிஎச்.டி. வழிகாட்டியைத் தேடும்போது, பள்ளிக்கூடம் ஏறி இறங்குகிறவரா என்று அவருடைய மாணவர்களிடமே விசாரியுங்கள். ஊருக்குப் பக்கம் என்பதைவிட எனக்கு அது பெரிது.

தரவு சேர்க்குமுன் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நோட்டில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போடுங்கள்.