முதுகில் நீர் எடுக்கச் சொன்னால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து காய்ச்சலும் வலிப்புமாக ஒரு பிள்ளையைத் திருவாரூருக்கோ தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கோ தூக்கிக்கொண்டு வருகிற குடும்பம் குளுக்கோஸ், ஊசி, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடும். "முதுகுல தண்ணி எடுத்துப் பாக்கணும்" என்றதும்தான் முகம் மாறும். "அது மட்டும் வேணாம் சார். எங்க தெருவுல ஒருத்தருக்கு எடுத்தாங்க, அதோட கால் விளங்காமப் போச்சு." ஊரிலிருந்து பெரியப்பா வர வேண்டும், அவர் நாலு பேரிடம் கேட்க வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. இதற்குள் ஒரு ராத்திரி கழிந்துவிடும். மூளைக் காய்ச்சலில் அந்த ராத்திரிதான் ஆளை முடக்குகிறது.

எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை. ஊசி எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதலாவது, இரண்டாவது முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவிலோ நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலோ. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தான் இருக்கும், ஊசி பட்டால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு காலில் சுரீர் என்று இழுக்கலாம், அவ்வளவுதான். 1891இல் ஜெர்மனியில் குவிங்கே என்ற டாக்டர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. தெருக்காரருக்குக் கால் போனது, எந்த நோய்க்காக நீர் எடுத்தார்களோ அந்த நோயால்தான் இருக்கும்.

எடுத்த நீர் திரும்ப ஊறாது என்பது இன்னொரு நம்பிக்கை. பெரியவர் உடம்பில் இந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கிறது. ஒரு நாளைக்குப் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மில்லி. சோதனைக்கு எடுக்கிற 10 மில்லியை உடம்பு அரை மணி நேரத்தில் ஈடு செய்துவிடும்.

அதற்காக எல்லோருக்கும், எப்போதும் எடுக்கலாம் என்றும் இல்லை. மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலோ, ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ, குத்தும் இடத்தில் புண் இருந்தாலோ டாக்டரே தள்ளிவைப்பார். அப்போது "ஏன் எடுக்கல?" என்று சண்டைக்குப் போவதும் தவறுதான். மருந்தை மட்டும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

"ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா போதாதா?" இது நியாயமான கேள்வி, ஆனால் பதில் போதாது என்பதுதான். மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும். 1885இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் டாக்டர் ஒரு விலங்கின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார், உடம்பெல்லாம் நிறம் மாற மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. 1913இல் அவர் மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் விட்டபோது மூளைக்கு மட்டும் நிறம் ஏறியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு இப்படித்தான் தெரியவந்தது. தடுப்பு என்றதும் கோட்டைச் சுவரை நினைத்துக்கொள்கிறோம். கல்லணை மதகு என்று நினைப்பது பொருத்தம்: எதை, எவ்வளவு விடுவது என்று கணக்கு வைத்திருக்கும்.

வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்க்க உடம்பு முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் உருவத்தில் பெரியது, தடுப்பை லேசில் தாண்டாது. ரத்தத்தில் அது இருந்தால் தடுப்பூசியால் வந்ததாகவும் இருக்கலாம். முதுகு நீரிலேயே இருந்தால் கிருமி மூளைக்குப் போய்விட்டது என்பதற்கு அது வலுவான சாட்சி.

இதே தடுப்பைப் புரிந்துகொள்ளாததால் நடக்கும் இன்னொரு கூத்து பூச்சிமருந்து வார்டில். சம்பாப் பயிருக்கு மருந்து அடிக்கும்போது சில வகைப் பூச்சிமருந்து மேலே பட்டு மயங்கியவருக்கு அட்ரோபின் என்ற விஷமுறிவு மருந்தை ஏற்றுவார்கள். அது தடுப்பைத் தாண்டக்கூடிய மருந்து. அளவு கூடினால் நாக்கு வறண்டு, இல்லாத ஆளோடு பேசி, போர்வையைப் பிய்த்து, கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பார். உடனே திருநீறு, வேப்பிலை, போதாததற்கு ஒருவர் டிரிப்பைப் பிடுங்கிவிடுவார். அதைச் செய்யாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது மூளைக்குள் போகாத கிளைக்கோபைரோலேட்டுக்கு மாற்றுவார்கள்.

முதுகு நீருக்கு வருவோம். எடுத்த நீரை மூன்று நாலு சின்னக் குழாய்களில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, 1, 2, 3 என்று எண் போட்டு, சில இடங்களில் கூட வந்தவர் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அந்த எண் சும்மா இல்லை. ஊசி குத்தியதில் வந்த ரத்தம் முதல் குழாயில் சிவந்து மூன்றாவதில் தெளிந்துவிடும். எல்லாக் குழாயும் ஒரே சிவப்பு என்றால் மூளையில் ரத்தக் கசிவு இருக்கலாம். குழாய்களைக் கலந்துகட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெள்ளணுக்கள் சிதையத் தொடங்கும், எண்ணிக்கை பொய்யாகும். "கெட்டுப்போகாம இருக்கட்டும்" என்று நாமாக ஐஸ் பெட்டியில் வைப்பதும் வம்பு, மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமி குளிரில் செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது. வைரஸ் சோதனைக்குக் குளிரில் அனுப்புவது தனிக் கணக்கு, அதை லேப்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் எடுப்பார்கள். "காலைலதானே குத்துனீங்க?" என்று நர்ஸிடம் எரிந்து விழ வேண்டாம். முதுகு நீரில் இருக்கும் சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நம் பக்கம் வீட்டுக்கு ஒரு சுகர்காரர். ரத்தத்தில் 300 இருப்பவருக்கு நீரில் 70 என்று வந்தால், ரிப்போர்ட்டில் அச்சடித்த அளவோடு ஒப்பிட்டு நார்மல் என்று வாட்ஸப்பில் மச்சானுக்கு அனுப்பிவிடுவோம். உண்மையில் அது மிகக் குறைவு. பாக்டீரியாவோ டிபியோ இருக்கிறதா என்று தேட வேண்டிய எண் அது.

வருவதற்கு முன்பே மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக்கை மறைப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. திட்டுவார்கள் என்று பயந்து அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறார்கள். இரண்டு நாள் மாத்திரை போட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், டாக்டர் வேறு வழியில் தேட வேண்டியிருக்கும். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அட்டையைக் காட்டுங்கள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் "மாத்திரையா எழுதிக் கொடுங்க, வீட்டுக்குப் போறோம்" என்பதும் அடிக்கடி நடக்கிறது. மூளையுறை வீங்கியிருக்கும்போது தடுப்பு கொஞ்சம் தளர்ந்து மருந்தை உள்ளே விடும். வீக்கம் வடிய வடியத் தடுப்பு மறுபடி இறுகும், பென்சிலின் வகை மருந்துகள் உள்ளே போவது குறையும். ஆள் தேறினாலும் ஊசியின் அளவைக் குறைக்காமல் முழு நாளும் போடுவது இதனால்தான். நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றால் 10 முதல் 14 நாள். டிபி என்றால் மாத்திரை ஒரு வருடம் வரை போகும்.

கடைசியாக, தலைவலி. நீர் எடுத்த பிறகோ, சிசேரியனுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகோ, உட்கார்ந்தால் மண்டை பிளந்து படுத்தால் விடுகிற வலி சிலருக்கு வரும். ஊசித் துளை வழியே நீர் கசிவதுதான் காரணம். "குழந்தை பெத்தவ தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா, நீர் கோத்துக்கிச்சு" என்று ஆவி பிடிக்க வைத்துப் பிரயோசனமில்லை. முன்கூட்டியே ஒரு நாள் அசையாமல் படுத்திருந்தாலும் இது வராமல் தடுக்க முடியாது. வந்தால் படுப்பது இதம், நிறையத் தண்ணீர், வலி மாத்திரை, ஒரு காபி. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். விடாமல் படுத்தினால் மயக்க டாக்டரைப் போய்ப் பாருங்கள், அவர் அதே ஆளின் ரத்தத்தில் சுமார் 20 மில்லி எடுத்து அந்தத் துளை இருக்கும் இடத்தில் செலுத்தி அடைப்பார். தலைவலியோடு காய்ச்சலும் வந்தாலோ, பின்கழுத்து விறைத்தாலோ, கால் மரத்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.