இடம் நிறைந்துவிட்டது என்றால் முதலில் போட்டோவில் கை வைக்காதீர்கள்

கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கோயில் மலையில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். அங்கே நடந்த மகள் கல்யாணப் படங்களை எங்கள் சித்தி ஒரே மதியத்தில் தொலைக்கப் பார்த்தார். கூகுள் கணக்கில் இடம் நிறைந்துவிட்டது, மாதக் கட்டணம் கட்டுங்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. "போன்லதான் இருக்கே, கூகுள்ல எதுக்கு இன்னொண்ணு?" என்று கூகுள் போட்டோஸைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். பேக்கப் ஆன, அதாவது கூகுளிலும் ஒரு பிரதி ஏறிய படத்தை அந்தச் செயலியில் அழித்தால் கிளவுடிலும் (இணையத்தில் கூகுள் வைத்திருக்கும் இடம்) போகும், போனிலும் போகும். நல்லவேளை, 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். மஞ்சக்குப்பம் வீட்டில் உட்கார்ந்து அத்தனையையும் மீட்டோம்.

அதே செயலியில் போனில் இடத்தைக் காலி செய்ய ஒரு பொத்தான் உண்டு. அது போனில் உள்ள பிரதியை மட்டும்தான் எடுக்கும். கிளவுடில் ஒரு எம்பி கூடக் குறையாது. இதை அழுத்திவிட்டு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. 2021 ஜூன் 1-க்கு முன் 'உயர் தரம்' என்ற அமைப்பில் ஏற்றிய படங்கள் கூகுள் தரும் இலவச 15 ஜிபி கணக்கிலேயே வராது. 2011-இல் தானே புயல் சாய்த்த பலாமரத்தை அப்படி ஏற்றி வைத்திருந்தால், அதை அழித்து ஒரு லாபமும் இல்லை. மனசுக்குத்தான் நஷ்டம்.

சரி, இடத்தைத் தின்பது எது? கூகுள் கணக்கின் சேமிப்பகப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு இதில் சேராது, 2024 முதல் சேர்கிறது. சித்தியின் கணக்கில் பாதிக்கு மேல் அதுதான்: சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த வீடியோக்கள், மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் எடுத்ததையே ஆளுக்கு ஒருமுறை அனுப்பியது. வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட் பேக்கப்புக்குப் போய் வீடியோவைச் சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். அப்புறம் ஒருமுறை புதிதாக பேக்கப் எடுங்கள், அப்போதுதான் குறையும். பேக்கப்பையே நிறுத்திவிடாதீர்கள். போன் தொலைந்தால் பேச்சு அத்தனையும் போய்விடும்.

ஜிமெயிலில் விளம்பர மெயிலை ஒவ்வொன்றாக அழித்துக் கை வலிக்க வேண்டாம். ஒரு மெயிலின் இணைப்பு 25 எம்பி வரை போகலாம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று போட்டால் பெரியவை மட்டும் வரிசையாக வரும். அழித்தபின் குப்பைத்தொட்டியையும் ஸ்பேமையும் காலி செய்யுங்கள். அவையும் கணக்கில்தான் வரும். டிரைவுக்கும் அப்படியே. ஆனால் மற்றவர்கள் உங்களுடன் பகிர்ந்த கோப்பு அவர்கள் கணக்கில் நிற்கிறது, அதை நீக்கி உங்களுக்கு இடம் கிடைக்காது.

இரண்டாவது ஜிமெயில் கணக்கு தொடங்கிப் படங்களை அங்கே மாற்றுபவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

பென்டிரைவில் போட்டுவிட்டு கிளவுடில் அழிப்பது கட்டணத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒரே பென்டிரைவ் போதாது. 2015 வெள்ளத்தில் கடலூரில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று நமக்குத் தெரியும். சித்திக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவர் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது, இன்னொன்று புதுச்சேரியில் மகள் வீட்டில்.