நரம்பு செல்லுக்குச் சாரம் அமைக்கும்போது நடக்கும் தவறுகள்

கொத்தனார் கட்டும் சாரம்போலத்தான் இதுவும். நரம்பு செல்கள் பற்றிக்கொண்டு வளர ஒரு தாங்கல். பிசிஎல் என்கிற பாலிமர் உறுதி தரும், ஜெலட்டின் செல்கள் ஒட்ட இடம் தரும். அதனால்தான் இரண்டையும் கலக்கிறோம். ஆனால் கலந்தபின் இரண்டின் பலவீனங்களும் கூடவே வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பிசிஎல் சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும். கிருமி நீக்குவதற்காக அதை 121 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) வைத்தால் சாரத்தின் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கும் மேற்பரப்போடு நின்றுவிடும். 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து நன்றாகக் கழுவுவதே பலரின் வழக்கம்.

ஜெலட்டினோ செல்களை வளர்க்கும் 37 டிகிரி ஊடகத்தில் (சத்துத் திரவத்தில்) கரைந்துவிடும், அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு அவசியம். அதற்குக் குளூட்டரால்டிஹைடு என்கிற வேதிப்பொருளைப் போட்டால் மிச்சத்தைக் கிளைசின் கரைசலில் போக்க வேண்டும். விட்டால் செல்கள் செத்துப்போகும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வேறு. உயிருள்ள செல்கள் நிறம் உண்டாக்கும் எம்டிடி சோதனையில் நிறம் கூடியதும் 'நரம்பு செல்கள் பெருகின' என்று எழுதிவிடுகிறார்கள். முதிர்ந்த நியூரான் பிரிவதே இல்லை! எலிக்கருவின் மூளையிலிருந்து எடுத்த வளர்ப்பில் எண்ணிக்கை ஏறினால், பெரும்பாலும் பெருகியவை நியூரான்களுக்குத் துணை நிற்கும் கிளையா செல்கள்தான். நியூரானைக் காட்டும் பீட்டா-3 டியூபுலின், கிளையா வகையைக் காட்டும் ஜிஎஃப்ஏபி என்கிற இரண்டு புரதங்களுக்கும் சாயமேற்றிப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். நியூரானுக்குப் பதிலாக ஆய்வகத்தில் பயன்படுத்தும் பிசி12 செல்கள் பெருகும், உண்மைதான். ஆனால் அவை 1976இல் எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டவை. நரம்பு வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தைக் கொடுத்த பிறகே நரம்பு இழை போன்ற நீட்சிகள் விடும். அதனால் எண்ணிக்கையைவிட நீட்சியின் நீளத்தை அளப்பதே பொருத்தம். அப்புறம், சாரத்தில் கிராஃபீன் என்கிற கார்பன் பொருள் கலந்திருந்தால் செல்லே இல்லாமலும் எம்டிடி நிறம் மாறக்கூடும். செல் போடாத வெறும் சாரத்தையும் கூடவே சோதியுங்கள். ஓர் உயிரிடமிருந்து எடுத்த செல்களை இப்படிக் கவனக்குறைவால் வீணாக்கக் கூடாது.

உறுதி கூடினால் நல்லது என்பது எலும்புக்குப் பொருந்தும். மூளைத் திசுவின் விறைப்போ ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல்தான். அறுந்த நரம்பை இணைக்கும் சாரம் என்றால், தையலைத் தாங்கும் குழாய் வெளியேயும் மென்மையான ஜெல் உள்ளேயும் இருக்கட்டும்.

சரி, எவ்வளவு நாள் தாங்க வேண்டும்? அறுந்த நரம்பு இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். 3 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் குறைந்தது ஒரு மாதம். இரண்டே வாரத்தில் கரையும் சாரம் அந்த இழையைப் பாதி வழியில் விட்டுவிடும்.