திகில் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்னாடி

ட்ரெய்லரைச் சத்தமில்லாம ஒருக்கா ஓட்டிப் பாருங்க. கதை சொல்றவரோட கூடவே திரியற ஆளை வேற யாராச்சும் தொடறாங்களா, முகம் பார்த்துப் பேசறாங்களான்னு மட்டும் கவனிங்க. ரெண்டு பேர் உட்கார்ந்த மேசையில ஒரே டீ டம்ளர் இருந்தா, கிளைமாக்ஸ் அநேகமா அங்கயே தெரிஞ்சிரும்: கூடத் திரியற அந்த ஆளே நிஜத்துல இல்லை, கதை சொல்றவரோட மனக்கற்பனை. கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ குடும்பத்தோட கோயமுத்தூர் போற பஸ் காசும் டிக்கெட் காசும் மிச்சம், ஓடிடியில வாரப்ப பார்த்துக்கலாம்.

பின்னணி இசைதான் நம்ம கண்ணை வேற பக்கம் இழுக்குது. அது நின்னா, இயக்குநர் ஒளிச்சு வெச்ச காலி இடம் பளிச்சுனு தெரியும். சொல்றவரோட மனசே சரியில்லைங்கற திருப்பம் 1920லயே 'டாக்டர் காலிகரி' ஜெர்மன் மௌனப் படத்துல வந்தாச்சு. அதுல கதை சொல்றவர் மனநலக் காப்பக நோயாளி.

கொலையாளி யாருன்னு தேடற படத்துக்கு இது உதவாது. முடிவு தெரிஞ்சாலும் நடிப்புக்காகப் பார்க்க வேண்டிய படங்களும் இருக்கு, அதுக்குத் தாராளமா தியேட்டருக்கே போங்க.