பி.டி. ஆசிரியரின் கைப்பேசியில் மாணவர்கள்: முதல் அணிக் குழுவை அமைப்பது எப்படி?

பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிக்குத் தேதி அறிவித்த அன்று மாலையே, புதிதாகப் பணியில் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் செய்யும் முதல் வேலை, ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி அணிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில் சேர்ப்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலையைச் சரிசெய்ய எனக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் பிடித்தது. அதனால்தான் இந்தச் செய்முறையை முதல் படியிலிருந்து எழுதுகிறேன்.

கணக்கு ஆசிரியருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பிள்ளைகளைக் காலை ஆறு மணிக்கே பார்க்கிறோம். தோளைப் பிடித்து நிற்கும் நிலையைத் திருத்துகிறோம். வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்தில் கூட்டிச் செல்கிறோம். அவர்களுடைய எடை, காயம், மாதவிடாய் நாள் வரை நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கத்தால்தான் வகுப்பறையில் வாய் திறக்காத பையன்கூட ‘பி.டி. சாரிடம்’ மனம் விட்டுப் பேசுகிறான். ஆனால் மைதானத்தில் நம்மைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கிறது, கைப்பேசியின் தனிச்செய்தியில் யாரும் இல்லை. அங்கேயும் அந்த மூன்றாவது ஆளை இருத்தி வைப்பதற்கான ஏற்பாடுகளே கீழே வரும் படிகள்.

படி 1: கைப்பேசியைத் தொடுவதற்கு முன் இரண்டு கையெழுத்துகள்

முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். ‘சார், ஒரு குரூப் ஆரம்பிக்கிறேன்’ என்று நடைபாதையில் வாய்மொழியாகச் சொன்னது பின்னாளில் யாருக்கும் நினைவிருக்காது. எந்த அணி, எந்த எண், யார் யார் நிர்வாகிகள் என்று நான்கு வரியில் கடிதம் கொடுத்து, அதன் நகலை உங்கள் கோப்பில் வையுங்கள்.

அடுத்தது பெற்றோரின் சம்மதம். போட்டிக்காக வயதுச் சான்று, போனஃபைட் (இந்தப் பள்ளி மாணவர் என்ற சான்று) ஆகியவற்றைச் சேகரிக்கும் அதே நாளில் இதையும் வாங்கிவிடலாம். படிவத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பயிற்சி, போட்டி, பயணம் பற்றிய தகவல்களை இந்த எண்ணுக்கு அனுப்பலாமா? பிள்ளையின் புகைப்படத்தைப் பள்ளியின் பக்கத்தில் வெளியிடலாமா? முதல் கேள்விக்குச் சரி என்ற தாய் இரண்டாவதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். அது அவருடைய உரிமை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைப் பொதுவாகக் கேட்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

படி 2: எண்ணும் முகப்புப் படமும்

பள்ளிப் பணிக்கென்று தனி சிம் ஒன்று வாங்குங்கள். ஒரே கைப்பேசியில் இரண்டு எண்களுக்கு வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளும் வசதி இப்போது உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியையும் இரண்டாவது எண்ணுக்குப் பயன்படுத்தலாம். அந்த எண்ணின் முகப்புப் படம் பள்ளிச் சின்னமாகவோ விளையாட்டுச் சீருடையில் நீங்கள் நிற்கும் படமாகவோ இருக்கட்டும். ஸ்டேட்டஸில் சினிமாப் பாட்டு, அரசியல், குடும்ப விழா எதுவும் வேண்டாம். பிள்ளைகள் நம் பாடத்தைவிட நம் ஸ்டேட்டஸைக் கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது அனுபவத்தில் கண்டது.

படி 3: குழுவை அமைத்தல்

புதிய குழு என்பதைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களைச் சேர்க்கும்போது, பிள்ளைகளின் எண்ணை விட்டுவிட்டுப் பெற்றோரின் எண்ணைச் சேருங்கள். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். 13 வயது நிறையாதவர்கள் தாமாகக் கணக்கு வைத்திருக்க வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் தங்கள் விதிப்படியே அனுமதிப்பதில்லை. 17, 19 வயதுக்குட்பட்டோர் அணிகளில் சொந்தக் கைப்பேசி வைத்திருக்கும் மாணவர்களைச் சேர்த்தாலும், அவர்களுடைய வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் அதே குழுவில் இருக்க வேண்டும்.

பெயரைத் தெளிவாக வையுங்கள். ‘சிங்கக்குட்டிகள்’ போன்ற பெயர்கள் பார்க்க நன்றாக இருக்கும். பத்து குழுக்களுக்கு நடுவே ஒரு தாய் தேடும்போது உதவாது. ‘கோ-கோ 17 வயது மாணவியர் 2025-26’ என்பது போதும்.

இனி நிர்வாகிகள். உங்களைத் தவிர இன்னும் இருவரை நிர்வாகியாக்குங்கள். மாணவியர் அணி என்றால் அதில் ஒருவர் ஆசிரியையாக இருப்பது அவசியம். பிறகு குழுத் தகவல் பக்கத்தில் அனுமதிகள் பகுதிக்குச் சென்று, செய்தி அனுப்புவதையும் ஆள் சேர்ப்பதையும் நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் முதல் வாரத்திலேயே ‘காலை வணக்கம்’ படங்களுக்கிடையே போட்டித் தேதி காணாமல் போய்விடும். தானாக மறையும் செய்தி வசதியை அணைத்து வையுங்கள். நாம் என்ன எழுதினோம் என்பது ஆண்டு முடியும்வரை அப்படியே இருப்பது நமக்கே நல்லது.

சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். மாணவியர் அணியின் எண்கள் இப்படித்தான் வெளியே போகின்றன. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. மாணவியர் அணிக்கு நான் இப்போது அதையே பயன்படுத்துகிறேன்.

படி 4: செய்தியை எழுதுதல்

‘நாளை பிராக்டிஸ் உண்டு, லேட்டாக வந்தால் டீமில் இல்லை’ என்று எழுதினால் மறுநாள் பாதிப் பேர் ஏழு மணிக்கு வருவார்கள், மீதிப் பேர் பயந்துகொண்டு வரவே மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“நாளை புதன்கிழமை காலை 6.15 முதல் 7.30 வரை பள்ளி மைதானத்தில் கோ-கோ பயிற்சி நடைபெறும். தண்ணீர் பாட்டிலும் காலை உணவும் கொண்டுவரவும். மழை பெய்தால் 5.30 மணிக்கு இங்கே தெரிவிக்கப்படும். வர இயலாதவர்கள் வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் போதும்.”

இதை எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே கைப்பேசிதான். அது அப்பாவுடன் வேலைக்குப் போய் இரவு எட்டரைக்கு மேல்தான் வீட்டுக்கு வரும். ஆகவே மறுநாள் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குள் மைதானத்தில் நேரில் சொல்லிவிட்டு, குழுவில் அதையே எழுத்தில் போடுவது என் வழக்கம். செய்தியைப் பார்க்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய அநியாயம்.

குழுவில் எழுதவே கூடாதவை சில உண்டு. இங்கே என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கபடியில் எடை வரம்பு உண்டு அல்லவா, போட்டிக்குப் பத்து நாள் முன்பு எல்லோரையும் எடை பார்த்து, பெயருக்கு எதிரே கிலோவை எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தேன். மறுநாள் ஒரு மாணவி வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை. அவளுடைய எடையைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, தெருவில் அதையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டிருக்கிறான். அவளுடைய அம்மா என்னிடம் கோபப்படவில்லை, “சார், அத மட்டும் எடுத்துடுங்க” என்றார். நான் அழித்தபோது அந்தப் படம் ஏற்கெனவே எத்தனை கைப்பேசிகளில் இறங்கியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எடை, உயரம், உடல்தகுதித் தேர்வு மதிப்பெண், காயத்தின் விவரம் ஆகியவை உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

மாதவிடாய் பற்றிய தகவலுக்கு எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு உண்டு. மாணவி ஆசிரியையிடம் ‘இன்று ஓய்வு’ என்ற இரண்டு சொற்களைச் சொன்னால் போதும். காரணத்தை யாரும் கேட்பதில்லை, குழுவில் எழுதுவதும் இல்லை.

படி 5: பயிற்சிக் காணொளிகள்

நம் பாடத்துக்கே உரிய சிக்கல் இது. ‘சார், என் ஜம்ப் சரியா பாருங்க’ என்று பிள்ளைகள் காணொளி அனுப்புவார்கள். திருத்துவதற்குக் காணொளியைப் போல உதவும் கருவி வேறு இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டு உடையில் இருக்கும் ஒரு சிறுமியின் காணொளி ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் சேமிப்பாக இருப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், இருவருக்கும் பாதுகாப்பானதன்று.

அதற்கு நான் செய்வது இதுதான். காணொளியை மைதானத்தில், மற்றவர்கள் முன்னிலையில், பள்ளியின் கைப்பேசியில் எடுக்கிறோம். எது தேவையோ அதை மட்டும் கேமராவின் காட்சிக்குள் கொண்டுவருகிறோம். நீளம் தாண்டுதலில் 20 செ.மீ. அகலமுள்ள டேக்-ஆஃப் பலகையில் கால் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால், கைப்பேசியைப் பலகைக்கு நேர் பக்கவாட்டில் தரையோடு தாழ்த்தி வைத்து முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுத்தால் போதும். முகம் தேவையே இல்லை. எடுத்தவுடன் மெதுவாக ஓடவிட்டு அந்தப் பிள்ளைக்குக் காட்டித் திருத்தத்தைச் சொல்லிவிட்டு, அங்கேயே அழித்துவிடுகிறோம்.

நீங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும் காணொளிகளிலும் கவனம் தேவை. ஆசிரியர் பகிர்ந்த ரீல்ஸைப் பார்த்து வீட்டுத் திண்ணையிலிருந்து பின்பல்டி அடிக்கப் பார்க்கும் பையன் எல்லா ஊரிலும் ஒருவனாவது இருப்பான். புரதப் பவுடர் விளம்பரத்தை அனுப்பி, ‘வாங்கலாமா சார்?’ என்று கேட்பவனுக்கும் தனிச்செய்தியில் பதில் எழுதாதீர்கள். மறுநாள் மைதானத்தில் எல்லோருக்கும் பொதுவாக விளக்கிவிட்டு, பெற்றோரையும் மருத்துவரையும் கேட்காமல் எதையும் உண்ணக் கூடாது என்று சொல்லுங்கள்.

படி 6: தனிச்செய்தி வந்தால்

இரவு 10.40-க்கு ‘சார், நாளைக்கு கிரவுண்ட் உண்டா?’ என்று ஒரு செய்தி வரும். பதில் ஒரு சொல்தான், ஆனால் அனுப்பாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ‘சாப்டீங்களா சார்’ வரும், அதன்பின் வீட்டுக் கதை வரும். காலையில் பொதுக் குழுவில் விடை போடுங்கள். அந்த மாணவரிடம் நேரில், “எது கேட்பதாக இருந்தாலும் அம்மாவின் எண்ணிலிருந்து கேள்” என்று முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். பதில் எழுதியே தீர வேண்டிய நிலை வந்தால், இன்னொரு நிர்வாகியையும் பெற்றோரையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பின்தொடரும் கோரிக்கை வந்தால் ஏற்க வேண்டாம்; நீங்களும் எந்த மாணவரையும் பின்தொடர வேண்டாம். ஒருவருடையதை ஏற்று மற்றவருடையதை விட்டால் அணித் தேர்வே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்பதால், ஆண்டின் முதல் பயிற்சி நாளிலேயே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. 2025-இல் இந்தியாவுக்கு வந்த பதின்வயதினர் கணக்கு முறையில் சிறார்களின் கணக்கு தானாகவே பூட்டியிருக்கும். அவர்களோடு தொடர்பில் இல்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. பின்தொடர்வதன் மூலம் அந்தப் பூட்டை நாமே திறந்துவிடக் கூடாது.

படி 7: செய்தியில் ஆபத்து தெரிந்தால்

மேலே சொன்ன விதிகள் எல்லாம் ஒரு பிள்ளை துன்பத்தில் எழுதும்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். ‘வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது’ என்றோ, யாரோ தவறாகத் தொடுகிறார் என்றோ செய்தி வந்தால், நேரம் பார்க்காமல் பதில் எழுதுங்கள்: “சொன்னது நல்லது, உன் மேல் தவறு இல்லை, இதற்கு உதவி செய்பவர்களிடம் சொல்லப் போகிறேன்.” ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். தலைமை ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தவறினால் 21-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு நம் கடமை முடிந்துவிடாது.

ஒரு எச்சரிக்கை: பிள்ளையின் ஆபாசப் படம் எதுவும் உங்களுக்கு வந்தால், ஆதாரத்துக்காக என்றுகூட அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். கைப்பேசியை அப்படியே காவல் துறையிடம் காட்டுங்கள். இணைய மிரட்டல் புகார்களைத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம்.

படி 8: ஏப்ரலில் குழுவை மூடுதல்

கல்வியாண்டு முடிந்ததும் உரையாடலை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். பெற்றோருக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி போட்டு, உறுப்பினர்களை நீக்கிவிட்டுக் குழுவை அழித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் அன்றைக்கே நம்மைத் தேடி இன்ஸ்டாகிராமில் வருவார்கள். நான் அவர்களிடம், கல்லூரியில் சேர்ந்து 18 வயதும் நிறைந்த பிறகு வா என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் மறந்துவிடுகிறார்கள், சிலர் பிறந்தநாள் அன்றே கோரிக்கை அனுப்புகிறார்கள்.